லைன் வீட்டுக்குக் குடிபோன பேரூராட்சி

போன மாதம் பிரியா போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். பழைய தீர்மானப் புத்தகங்களையும் கோப்புகளையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை நடக்கிறதாம்.

"மேடம், பஸ் ஸ்டாண்ட் பின்னாடி இருக்கற லைன் வீட்டுக்கு ரெண்டு சர்ட்டிஃபிகேட் இருக்கு. ரெண்டும் ஒரே இன்ஜினியர் கையெழுத்து. ஒண்ணுல 'மனிதர் வசிக்கத் தகுதியற்றது'ன்னு இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வந்த இன்னொண்ணுல 'நல்ல உறுதியுடன் உள்ளது'ன்னு இருக்கு. நடுவுல ரிப்பேர் பார்த்த பில்லும் இல்ல. எதை ஏத்தறது?"

"ரெண்டையும் ஏத்தும்மா. ரெண்டும் நம்ம ஆபீஸ் கொடுத்ததுதான்."

"எது செல்லும்னு ஒண்ணைத்தான் டிக் பண்ண முடியும் மேடம்."

"ரெண்டாவதை டிக் பண்ணு."

"ஏன்னு காரணம் கேட்டா?"

காரணம் போனில் சொல்லி முடிகிறதாக இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஆற அமரச் சொல்வதற்கு எனக்கு இருப்பதே இந்த ஒரு கதைதான் என்று.

தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதலில் கடப்பாக்கம் பக்கம் போட்டார்கள். கார்பன் வைத்து மூன்று பிரதி தட்டச்சு செய்யவும், கோப்பு நாடாவை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடவும் அங்கே கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் பல ஊர். கடைசி ஒன்பது வருடம் செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிற பேரூராட்சி ஒன்றில் தலைமை எழுத்தர். பிரியாவுக்கு ஊர் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். என் கணவர் காலையில் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கால் நீட்டித் தூங்குவார். நான் இரண்டு பஸ் மாறி, நின்றபடி ஆபீஸ் போவேன்.

தலைமை எழுத்தரின் முக்கியமான வேலை மன்றக் கூட்டத் தீர்மானம் எழுதுவது. கூட்டத்தில் பேச வரும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பகுதி உண்டு. எதைப் பற்றி என்பது முதலில், அலுவலகக் குறிப்பு அடுத்து, கடைசியில் தீர்மானம். மன்றம் கூடி முடிவெடுக்கும் வரை கடைசிப் பகுதி காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் முதல் நாளே அங்கே 'மன்றம் ஏகமனதாக அங்கீகரிக்கிறது' என்று பென்சிலில் எழுதி வைத்துவிடுவேன். கூட்டம் முடிந்ததும் அதன் மேல் பேனாவை ஓட்டினால் போதும். உறுப்பினர்கள் பதினைந்து பேர் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போண்டா சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். நான் தலை நிமிர்ந்து யார் கையைத் தூக்கினார்கள் என்று பார்த்ததே கிடையாது. பென்சில் எழுத்து ஒருமுறைகூட மாறியதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

என் கடைசி செயல் அலுவலர், அதாவது ஈ.ஓ., கதிரேசன் சார். நெற்றியில் மெல்லிய விபூதிக் கோடு, முழங்கை வரை மடித்த சட்டை, அதிராத பேச்சு. அவர் சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. ரகசியம் என்னவென்றால், அவர் எந்தக் கோப்பிலும் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதியதில்லை. 'பேசவும்' என்று மட்டும் எழுதுவார். வேலை கூடக் கூட அதுவும் சுருங்கி வெறும் 'பே' ஆகிவிட்டது. எங்கள் வரித் தண்டலர் அப்படித் திரும்பி வரும் கோப்புகளைப் 'பே பிடிச்ச ஃபைல்' என்பார். சரி, பேசலாம் என்று உள்ளே போய் நின்றால் சார், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். நாம் நினைப்பதைச் சொன்னால் சுவரில் மாட்டியிருக்கும் தினக் காலண்டரைப் பார்த்து, "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்பது வெளியே வந்து நாங்களாகத் தீர்மானித்துக்கொள்வது. சரியாகப் போனால் அவர் சொன்னது. தப்பாகப் போனால் நாங்கள் புரிந்துகொண்டது.

தலைவர் தணிகாசலம் பைப்புக் கடை வைத்திருந்தவர். கெட்ட மனுஷன் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று யார் போன் செய்தாலும் எடுப்பார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை: ஊரில் ஒரு வணிக வளாகம். கீழே இருபது கடை, மேலே கல்யாண மண்டபம். சென்னையில் யாரிடமோ கொடுத்துக் கலரில் ஒரு படம் போட்டு வாங்கி வந்தார். அந்தப் படத்தில் நம் ஊரில் முளைக்காத மரங்கள் வரிசையாக நின்றன. ஒரு வெள்ளைக்காரம்மா நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

"மாபலிபுரம் வர்ற டூரிஸ்ட்டுங்கெல்லாம் இங்க வண்டிய நிறுத்துவாங்க மேடம், பாத்துக்கினே இரு" என்பார்.

படத்தில் வளாகம் நின்ற இடத்தில், நிஜத்தில் இருந்தது லைன் வீடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் பதினான்கு வீடு. தூய்மைப் பணியாளர்களுக்காகப் பேரூராட்சி எப்போதோ கட்டியது. இரண்டு வீடு அப்போது காலி. மிச்சம் பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே குழாய், இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றுக்குக் கதவு கிடையாது. இவர்களை ஊருக்கு வெளியே நான்கு கிலோமீட்டர் தள்ளிக் குப்பைக் கிடங்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு அனுப்புவது தலைவரின் திட்டம். விடிவதற்கு முன்னால் வேலைக்கு வர வேண்டியவர்கள். அந்த நேரத்தில் அங்கிருந்து பஸ் கிடையாது.

வளாகம் கட்ட வேண்டுமானால் லைன் வீட்டை இடிக்க வேண்டும். இடிக்க வேண்டுமானால் கட்டடம் பாழ் என்று பொறியாளர் சான்று தர வேண்டும். எங்கள் பொறியாளர் சுரேஷ் மூன்று பேரூராட்சிக்கும் ஒரே ஆள், எப்போதும் பைக்கில் பறந்துகொண்டிருப்பார். அன்றைக்கும் லைன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தாமல், இன்ஜின் ஓட, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் சான்று வந்தது. 'மனிதர் வசிக்கத் தகுதியற்றது. எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது.' அதை அலுவலகக் குறிப்பில் சேர்த்து நான்தான் தட்டச்சு செய்தேன்.

கூட்டத்தில் வாய் திறந்தவர் ஒருவர்தான். கரீம் பாய், ஏழாவது வார்டு உறுப்பினர், கடைத்தெருவில் செருப்புக் கடை. கூட்டப் பொருளைக் கடையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வரும் ஒரே ஆள்.

"வூட்டுக்குள்ள போய்ப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"இன்ஜினியரே எழுதிக் குடுத்துட்டாரு பாய். அப்புறம் இன்னா?" என்றார் தலைவர்.

"சரி, நான் விளக்கம் கேட்டேன்னாவது எழுதிக்கோ ஞானம்மா."

நான் தலையை ஆட்டினேன். எழுதவில்லை. பென்சில் எழுத்தின் மேல் பேனா ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தது.

மறுநாள் காலை ஆபீஸைப் பெருக்க வந்தாள் தேவகி. லைன் வீட்டில் முதல் வீடு அவளுடையது. இருபத்தைந்து வருடமாக ஊரைக் கூட்டுகிறவள்.

"மேடம், எங்க வூட்டப் பத்தி இன்னாமோ பேசிக்கிறாங்க. நீதான எழுதின? இன்னா எழுதின?"

"இன்னும் எதுவும் முடிவாகலை தேவகி" என்றேன். மேஜையில் விரித்து வைத்திருந்த புத்தகத்தில் மை காய்ந்து கிடந்தது.

"தகுதி இல்லைன்னு எழுதிகீதாமே. வூட்டுக்கா, எங்களுக்கா?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த அறையைப் பெருக்கப் போய்விட்டாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடி வைத்தேன். என் அப்பா திருக்கழுக்குன்றம் பக்கத்தில் இன்னொருவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது நிலக்காரர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், குடிசையைப் பிரித்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளும்படி. அம்மா அடுப்புக் கல்லை மட்டும் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த நிலக்காரராவது வாயால் சொன்னார். நான் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி வைத்திருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து, நல்ல ஐப்பசி மழையில், இடிப்பதற்கான டெண்டரை ஒப்புக்கொள்ளும் கூட்டம். பொருள் எண் நான்கு. கதிரேசன் சார் எழுந்து நின்று அலுவலகக் குறிப்பை அவருக்கே உரிய அதிராத குரலில் வாசித்தார். "மேற்படி கட்டடம் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளதால்..."

மேலே மடக்கென்று ஒரு சத்தம். மன்றக் கூடத்தின் மேற்பூச்சு, கதவுப் பலகை அகலத்துக்கு ஒரு துண்டு, நேராக வந்து தலைவர் மேஜையில் விழுந்தது. தலைவருக்கும் போண்டாத் தட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. கடவுள் அதைப் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும். யாருக்கும் அடியில்லை. கூடம் முழுக்க வெள்ளைப் புகை. பதினைந்து பேரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேலே துருப்பிடித்த கம்பி பல்லை இளித்தது.

கரீம் பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "தலைவரே, ஈ.ஓ. சார் எந்தக் கட்டடத்தச் சொல்றாரு?"

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சுரேஷ் வந்து பார்த்தார். அவருடைய நாற்காலியும் அந்தக் கூரைக்குக் கீழேதான் என்பதால் இந்த முறை ஏணி வைத்து ஏறியே பார்த்தார். உடனே காலி செய்யுங்கள் என்று மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது.

காலி செய்து எங்கே போவது? கல்யாண மண்டபங்களில் முகூர்த்தம். பள்ளிக்கூடத்தில் இடமில்லை. தனியார் மாடி ஒன்று காலியாக இருந்தது. ஆனால் வாடகைக்குப் பிடிக்க வேண்டுமானால் பொதுப்பணித்துறை வந்து வாடகையை நிர்ணயம் செய்து சான்று தர வேண்டும். அதற்கு ஆறு மாதம் ஆகும். நான் எல்லாவற்றையும் எழுதிக் கோப்பை உள்ளே அனுப்பினேன். 'பே' என்று திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை தானாக வந்தது என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன். பிரியா, உண்மையைச் சொல்கிறேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். அவ்வளவு யோசித்தேன்.

மறுநாள் அசையாச் சொத்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

"நம்ம சொந்தக் கட்டடத்துலேயே காலியா ரெண்டு இருக்கு சார். லைன் வீட்டுல பதிமூணும் பதினாலும்."

"அது இடிக்கறதாச்சே."

"ஆமா சார். இடிக்கப்போற கட்டடத்துல ஆபீஸ் வைக்க முடியாது. உறுதியா இருக்குன்னு இன்ஜினியர் சான்று குடுத்தா வைக்கலாம்."

சார் பதிவேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உறுதியா இருக்குன்னு சான்று வந்துட்டா, அப்புறம் இடிக்க முடியாதே ஞானசுந்தரி."

"ஆமா சார்."

ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. தலைவருக்கு எதிராகக் கோப்பு நகர்த்தினேன் என்று யாராவது ஒரு வரி எழுதினால் போதும், என் பென்ஷன் காகிதம் தூங்கிவிடும். சார் மெதுவாகக் காலண்டர் பக்கம் திரும்பினார்.

"ம்" என்றார்.

அந்த ஒரு 'ம்'முக்கு மட்டும் எனக்கு அர்த்தத்தில் சந்தேகமே வரவில்லை.

தலைவர் சட்டென்று ஒப்புக்கொண்டார். ஆபீஸ் இல்லாமல் டெண்டர் இல்லை, டெண்டர் இல்லாமல் வளாகம் இல்லை என்பது அவர் கணக்கு. "ரெண்டு மாசந்தான? இருந்துட்டு அப்புறம் இடிச்சிக்கலாம்" என்றார். நான் கையெழுத்துக்குக் கோப்பை நீட்டினேன்.

சுரேஷ் இந்த முறை பைக்கை நிறுத்தினார். தேவகி பூட்டைத் திறந்துவிட்டாள். ஒன்றரை அடி கனத்தில் சுவர், பழைய சுண்ணாம்புக் கட்டு. சுரேஷ் சுத்தியலால் தட்டினார். கொஞ்சம் ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில் சுத்தியல் தலை கழன்று தெருவில் போய் விழுந்தது.

"மெதுவா சார், வூடு பயந்துக்கப் போவுது" என்றாள் தேவகி.

சுரேஷ் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "நம்ம ஆபீஸை விட இது நல்லா இருக்கு மேடம்" என்றார்.

"அதையே எழுதுங்க."

"அப்போ மொத ரிப்போர்ட்டு?"

பதிமூன்றாம் எண் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தார். தேவகி டீ கொடுத்தாள். கடைசியில் அவர் எழுதியது இது: 'முந்தைய சான்று சாலையிலிருந்து பார்வையிட்டு வழங்கப்பட்டது. தற்போது உட்புறமும் பார்வையிடப்பட்டது. கட்டடம் நல்ல உறுதியுடன் உள்ளது.'

என் சர்வீஸில் அரசாங்கக் காகிதத்தில் நான் பார்த்த மிக யோக்கியமான வாக்கியம் அதுதான். அடுத்த கூட்டத்தைக் கரீம் பாய் கடை மாடியில் அவசரமாகக் கூட்டி, அதை ஏற்றுத் தீர்மானம் போட்டு, பேரூராட்சி லைன் வீட்டுக்குக் குடிபோனது.

சார் அறை பதினாலாம் எண்ணில். நானும் கணினியும் பதிமூன்றில். சமையலறையில் ஆவணங்கள், பரண் மேல் பிறப்பு இறப்புப் பதிவேடுகள். தலைவரின் தேக்கு மேஜை மட்டும் வாசலில் நுழையவில்லை. காலை அறுக்கலாம் என்றால் அரசாங்கச் சொத்து, அறுப்பதற்குத் தனி உத்தரவு வேண்டும். அதனால் மேஜை தெருவிலேயே தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. கூட்டம் இல்லாத நாட்களில் அதன் மேல் பதினொன்றாம் எண் வீட்டு வடகம் காய்ந்தது. வரி கட்ட வந்தவர்கள் வடகத்தை நகர்த்திவிட்டுப் படிவம் நிரப்பினார்கள்.

முதல் வாரம் யாருக்கும் கஷ்டம் தெரியவில்லை. இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. மதியம் வேலை முடிந்து எல்லாக் குடும்பமும் திரும்பும் நேரமும், சார் சாப்பிட்டு முடிக்கும் நேரமும் ஒன்று. கதவுள்ள கழிப்பறை ஒன்றுதான். ஒருநாள் கதிரேசன் சார் கையில் வாளியோடு வரிசையில் நான்காவது ஆளாக நிற்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் நின்றவர் தேவகியின் கணவர்.

"சார், நீங்க முன்னாடி போங்க."

"இல்லை இல்லை, வரிசைப்படியே வர்றேன்."

"அவசரம்னா சொல்லுங்க சார். இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

சார் தெருவைப் பார்த்தார். அங்கே காலண்டர் இல்லை. "ம்" என்றார். தேவகியின் கணவரும் அவருக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள். சார் வாளியோடு உள்ளே போவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

கால் மணி நேரம் கழித்து முகம் சிவந்து திரும்பி வந்தவர், "லைன் வீட்டுக் கழிப்பறை மனு ஒண்ணு இருக்குமே, அந்தக் கோப்பைக் கொண்டாங்க" என்றார். மனு கொடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதில் அவர் கையெழுத்திலேயே மூன்று 'பே' இருந்தது. சார் பேனாவைத் திறந்து, அடியில் கோடு போட்டு எழுதினார்: 'உடனே செய்க. இன்றே தொடங்குக.'

வரித் தண்டலர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கதவுள்ள நான்கு கழிப்பறை, இரண்டு குழாய், தினமும் தண்ணீர். பைப்பெல்லாம் தலைவர் கடையிலிருந்து வந்தது. அவர் பில் போடவில்லை. அந்த வரிசையில் அவரும் நின்றிருக்கிறார்.

மன்றக் கூட்டம் தெருவில், தேக்கு மேஜையைச் சுற்றி நாற்காலி போட்டு நடந்தது. பழைய கூடத்தில் பார்வையாளர் பெஞ்சில் பல்லிதான் உட்காரும். இங்கே பன்னிரண்டு வாசற்படியிலும் ஆட்கள். கீரை ஆய்ந்துகொண்டும் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டும் மன்ற நடவடிக்கையைக் கவனித்தார்கள். இரண்டாவது கூட்டத்திலிருந்து உறுப்பினர்கள் கூட்டப் பொருளைப் படித்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். தெரியாமல் உளறினால் ஆறாம் எண் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

பழைய ஆபீஸ் இருந்த இடத்தில் புதுக் கட்டடம் கட்ட அனுமதி வந்ததும் கரீம் பாய் கூட்டத்துக்கு ஒரு பொருள் எழுதிக் கொடுத்தார். லைன் வீட்டை இடிக்கும் பழைய தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும். தலைவர் விடவில்லை. கலர்ப் படத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் விரித்தார்.

"சர்ட்டிஃபிகேட் வரட்டும் போவட்டும். ஊருக்கு வருமானம் வேணாமா? சொல்லுங்க."

தேவகி முதல் வீட்டு வாசலிலிருந்து, "தலைவரே, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

கதிரேசன் சார் எழுந்தார். "பார்வையாளர்கள் மன்றத்துல பேசக் கூடாதும்மா. விதி."

"நான் என் வூட்டு வாசப்படியில ஒக்காந்துகினு கீறேன் சார். நீங்கதான் எங்க வாசல்ல வந்து பேசிகினு கீறீங்க."

சார் விதிப் புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தேவகி எழுந்து மேஜைக்கு வந்து படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"தெரு நல்லா சுத்தமா கீது தலைவரே. யாரு பெருக்குனது?"

தலைவர் படத்தைப் பார்த்தார்.

"நாங்க குப்பமேட்டுலேர்ந்து நாலு கிலோமீட்டர் நடந்து வர்றதுக்குள்ள, இந்தம்மா நாய் ரோட்டை நாறடிச்சிடும். அப்புறம் உங்க டூரிஸ்ட்டு மூக்கப் பொத்திக்கினு நேரா மாபலிபுரத்துக்கே போயிடுவாங்க. எங்கள தொரத்தறதுன்னா தொரத்து. ஆனா நாளைக்கு ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பெருக்கலன்னு எனக்கு போன் போடாத."

ஆறாம் எண்ணில் ஆரம்பித்த சிரிப்பு வரிசையாகப் பதினொன்று வரை போனது. தேவகி மட்டும் சிரிக்கவில்லை. படத்தின் மேல் வைத்த விரலை அவள் எடுக்காமலே நின்றதை, பக்கத்தில் இருந்ததால் நான் பார்த்தேன். தலைவரும் பார்த்திருக்க வேண்டும். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"கடைங்கள புது ஆபீசு கீழத் தளத்துலயே கட்டினா இன்னா தலைவரே?" என்றார் கரீம் பாய். "பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லதான கீது?"

"இருபது கடை வருமா?"

"பன்னெண்டு வரும்" என்றார் சுரேஷ். இந்த முறை அளந்துவிட்டு வந்திருந்தார்.

"சரி, ஓட்டுக்கு விடு" என்றார் தலைவர்.

என் புத்தகத்தில் வழக்கம்போலப் பென்சிலில் 'ஏகமனதாக' இருந்தது. பேனாவை எடுத்துக் கை வைக்கப் போனேன்.

"இன்னா மேடம், எண்ணாமயே எழுதற?" என்றாள் தேவகி. "அந்த அண்ணன் தூங்கிகினு கீறாரு பாரு."

நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் வார்டு உறுப்பினர் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பியதும் "டீயா?" என்று கையைத் தூக்கினார். நான் ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தேன். நாற்காலி நாற்காலியாக எண்ணினேன். ரத்து செய்ய ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு மூன்று. தலைவர் கை மேஜை மேலேயே இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் வெள்ளைக்காரம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறு கையைத் தூக்கினார். பன்னிரண்டு. 'பெரும்பான்மையில் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதிப் பழக்கமே இல்லாததால் எழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. பிரியா ஸ்கேனில் பார்க்கலாம்.

லைன் வீட்டில் பதினான்கு மாதம் இருந்தோம். புது ஆபீஸ் தயாரானதும் மூட்டை கட்டினோம். தேவகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"காலி பண்றவங்க வெள்ளையடிச்சுக் குடுக்கணும். எங்களுக்கு நீ குடுத்த ஆர்டர்ல அப்படித்தான போட்டுகீது?"

அப்படித்தான் போட்டிருந்தது, ஒதுக்கீட்டு உத்தரவின் ஆறாவது நிபந்தனை. கதிரேசன் சார் காலண்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததால் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல், தன் சட்டைப் பையிலிருந்தே பெயிண்டருக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார்.

காலியான இரண்டு வீட்டையும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஒதுக்கலாம் என்று மன்றம் தீர்மானித்தது. அதற்கு முன்னால் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும்தான். பதினாலாம் எண் செல்விக்குக் கிடைத்தது. இரண்டு குழந்தைகளோடு மாமியார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்தவள். உத்தரவில் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று நான் மூன்று முறை பார்த்தேன்.

அவள் குடிவந்த அடுத்த வாரம் சாவிக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை. ஆனால் கதவில் கொட்டை எழுத்தில் நாங்கள் எழுதி வைத்திருந்தது அப்படியே இருந்தது: 'செயல் அலுவலர். அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.' பெயிண்டர் அதன் மேல் பிரஷ்ஷை வைக்கப் போனபோது செல்வி குறுக்கே நின்று, இது மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

பதினான்கு மாதம் போய் வந்த பழக்கத்தில் நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலை வைத்துவிட்டேன்.

"மேடம்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "படிச்சவங்கதான நீங்க? கதவுல இன்னா எழுதிகீது?"

காலை வெளியே எடுத்தேன்.

"உள்ள வரலாமா செல்வி?"

"இருங்க, சோத்த வடிச்சிட்டு சொல்றேன்."

வாசலில் நின்றேன்.